‘20,000 லூமன்’ எல்இடி பல்பு: பைக்கில் மாட்டும் முன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிள் ஓட்டும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். துவாஸ், ஜூரோங் தீவு என்று இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர்களும், விடுமுறை கிடைத்தால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி மலேசியாவுக்குள் வண்டியை விடுகிறவர்களும் கட்டாயம் படியுங்கள்.

என்னுடையது பழைய ஹோண்டா சிபி400. ஹெட்லைட் மங்கிப்போனதால், அதிகம் பேர் போய்வரும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கிருந்த தம்பி வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. “அண்ணே, ஹேலஜன் எல்லாம் இப்ப யாருண்ணே போடுறா? இந்த எல்இடியைப் போடுங்க, மெர்சிங் போனாலும் பகல் மாதிரி இருக்கும். எல்டிஏ பிரச்சினை ஒண்ணும் வராது” என்றார். (மெர்சிங் ஜொகூரின் கிழக்குக் கரையில் இருக்கும் ஊர், எல்டிஏ என்பது நிலப் போக்குவரத்து ஆணையம்.) பெட்டியில் ‘20,000 லூமன்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவுதான் லூமன். பல்பு 128 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), கூலி 40 வெள்ளி. கடைச் சுவரில் வெளிச்சத்தை அடித்துக் காட்டினார். சுவர் முழுக்க வெள்ளை வெளேர் என்று இருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு ‘லைட் செட்’ என்று மட்டும் எழுதிய ஒரு ரசீதைக் கொடுத்தார்.

அந்த 20,000 என்ற எண்ணை முதலில் பார்ப்போம். ஹை பீமும் லோ பீமும் ஒன்றாக உள்ள எச்4 வகை ஹேலஜன் பல்பு 60/55 வாட். அதன் தர அளவு ஹை பீமில் சுமார் 1,650 லூமன், லோ பீமில் சுமார் 1,000 லூமன். எல்இடி நல்ல தரமாகவே இருந்தாலும் ஒரு வாட்டுக்கு 100 லூமன், மிஞ்சிப்போனால் 150 லூமன் கொடுக்கும். எனக்கு விற்ற பல்பு இழுப்பது 40 வாட் என்று அதே பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. 40 வாட்டில் 20,000 லூமன் எந்தக் கணக்கிலும் வராது. பெட்டியின் ஒரு பக்கமே மறுபக்கத்தைப் பொய் என்று காட்டிக் கொடுக்கிறது.

ஆனால் லூமன் பொய்யை விடப் பெரிய கேடு, வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்பதில் இருக்கிறது. எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. லோ பீம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். அது கீழ்ப்பக்கம் போகும் ஒளியை மறைப்பதால்தான், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் ஒரு கோட்டுக்குக் கீழே மட்டும் வெளிச்சம் விழுகிறது. ரிஃப்ளெக்டரின் வளைவே அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் செய்தது, மில்லிமீட்டர் பிசகினாலும் ஒளி சிதறும். எல்இடி சில்லுகள் தட்டையாக, இரண்டு பக்கமும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவை. ரிஃப்ளெக்டர் எதிர்பார்க்கும் இடத்தில் அவை இல்லாவிட்டால் மேலேயும் பக்கவாட்டிலும் ஒளி தெறிக்கும். ஜெர்மனியில் 2020-இல் எல்இடி மாற்று பல்புகளுக்கு அனுமதி கொடுக்கத் தொடங்கியபோதுகூட, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வண்டிகளுக்கு, குறிப்பிட்ட ஹெட்லைட்டுகளுக்கு மட்டுமே கொடுத்தார்கள். பல்பையும் விளக்கையும் ஜோடியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம்.

சிங்கப்பூருக்குள் ஓட்டும் வரை இது தெரியவே தெரியாது. தீவு விரைவுச்சாலையிலும் கிராஞ்சி விரைவுச்சாலையிலும் சாலை விளக்குகளே நமக்கு வழி காட்டிவிடுகின்றன. கடைக்காரர்கள் தப்பித்துக்கொள்வது இதனால்தான். கோத்தா திங்கி தாண்டி மெர்சிங் போகும் இருவழிச் சாலையில், இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டமாக இருக்கும் இடத்தில்தான் உண்மை தெரிந்தது. முன் சக்கரத்துக்கு நேர் எதிரே வெள்ளைப் பாய் விரித்தது போல வெளிச்சம், அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் அவ்வளவு பளிச்சென்று இருக்கும்போது கண்மணி சுருங்கிவிடும். தூரத்தில் இருக்கிற கொஞ்ச நஞ்சமும் அப்போது தெரியாது. வளைவில் கிடந்த லாரி டயர்த் துண்டு, ஒதுங்க நேரமில்லாத தூரத்தில்தான் என் கண்ணில் பட்டது. எதிரே வந்த லாரிகள் ஒவ்வொன்றும் என்னைப் பார்த்து ஹை பீம் அடித்தன. நான் லோ பீமில்தான் போய்க்கொண்டிருந்தேன்! கண் கூசி ஒரு லாரிக்காரர் தடம் மாறியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மழை பிடித்ததும் நிலைமை இன்னும் மோசம். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவில் 6,000 கெல்வினுக்கு மேற்பட்ட அந்த நீல வெள்ளை ஒளி மழைத் துளிகளில் பட்டு முகத்துக்கே திரும்பி வந்தது, நனைந்த தார் அதை அப்படியே விழுங்கிவிட்டது.

பிறகு விளக்கு முழுவதுமாக அணைந்தது. லோ பீம், ஹை பீம் இரண்டும் இல்லை. சிக்னல் விளக்கைப் போட்டுக்கொண்டு சாலை ஓரமாகவே ஊர்ந்து, வழியில் இருந்த பெட்ரோல் நிலையத்தில் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதான மலாய்க்காரர், பாங் (அண்ணன்) என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஹெட்லைட்டைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார். எல்இடி பல்பின் பின்பக்கம் விசிறியும் சூடு ஆற்றும் அலுமினியத் தகடுகளுமாக நீண்டிருந்ததால், தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் மூடி பொருந்தவில்லை. அதற்காக அந்தக் கடையில் ரப்பரின் நடுவே பேனாக்கத்தியால் கோணல்மாணலாக அறுத்து ஓட்டை போட்டிருக்கிறார்கள். ஓட்டை வழியாக மழைநீர் இறங்கி, விசிறியின் அச்சில் துரு ஏறி, அது சுழலாமல் நின்றுவிட்டது. சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் உள்ளே இருந்த சர்க்கியூட் கருகிப்போனது. ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சிலும் ஈரத் திட்டுகள். ஒயர் இணைப்பை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்து அவர் செய்த வேலையைத்தான் முதல் கடை செய்திருக்க வேண்டும். புது ஹேலஜன் பல்பு ஒன்றை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டரை வைத்தார். பேட்டரியில் 13.6 வோல்ட். பல்பு சாக்கெட்டில் 12 வோல்ட்தான். ஹேலஜனில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் அதைவிட அதிக விகிதத்தில் குறையும். இந்த அளவு இறக்கத்துக்கே வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். காரணம், சாக்கெட் சூட்டில் பழுத்துப் பழுப்பாகிவிட்டது, எர்த் ஒயர் முனையில் துரு, சுவிட்சுக்குள் கரி. 1995-லிருந்து இங்கே மோட்டார்சைக்கிள்கள் பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டபடிதான் ஓட வேண்டும். நல்ல சட்டம், அதனால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் பழைய வண்டிகளில் அந்தச் சாக்கெட் வருடக்கணக்காக நாள் முழுக்க வெந்துகொண்டே இருக்கிறது என்பதையும் மெக்கானிக்குகள் அறிவார்கள். சாக்கெட்டை மாற்றி, எர்த் முனையைச் சுரண்டி, சுவிட்சைத் துடைத்ததும் 13.1 வோல்ட் வந்தது. மஞ்சளேறிய முன்கண்ணாடிக்குப் பாலிஷ். எல்லாம் சேர்த்து எல்இடிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. அதே மெர்சிங் சாலையில் பிறகு ஓட்டிப் பார்த்தேன். தூரத்து வளைவின் விளிம்பு தெரிகிறது, எதிரே வருகிறவர்கள் யாரும் விளக்கடித்துத் திட்டுவதில்லை.

விளக்கின் கோணத்தையும் அவரே சரிசெய்தார். பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில் சமதளமும் சுவரும் கிடைத்தால் நீங்களும் பார்க்கலாம். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிமிர்த்தி, வழக்கமாக ஏறுகிற ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில், லோ பீமின் மேல்விளிம்பு ஹெட்லைட் நடுப்புள்ளியின் உயரத்தை விட 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பின்னால் மனைவியோ பையோ ஏறினால் வண்டியின் மூக்கு மேலே தூக்கும். அப்போது பின் சஸ்பென்ஷனைக் கொஞ்சம் இறுக்குங்கள்.

பணம் திரும்பக் கேட்டபோது அந்தக் கடையில், “தண்ணி போன கேஸுக்கு வாரண்டி இல்லண்ணே” என்றார்கள். தண்ணீர் போக ஓட்டை போட்டதே அவர்கள்தான். அறுத்த ரப்பரின் படத்தைக் காட்டினேன், அது தங்கள் வேலையே இல்லை என்று சாதித்தார்கள். ரசீதில் ‘லைட் செட்’ என்று மட்டும் இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. நமக்கு வழி இருக்கிறது. குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள ‘லெமன் லா’ சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான், வழக்கறிஞரும் தேவையில்லை. நான் இணையம் வழியாக மனு போட்ட பிறகு, சமரசப் பேச்சில் பல்பின் விலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூலியும் கெட்டுப்போன ரப்பரும் என் செலவில்தான் முடிந்தன.

“எல்டிஏ பிரச்சினை வராது” என்று கடையில் யார் சொன்னாலும், அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து எழுதித் தர முன்வந்தவர் ஒருவர்கூட இல்லை. வாகன மாற்றங்களில் எதற்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். 3 வயது தாண்டிய மோட்டார்சைக்கிள் ஆண்டுதோறும் ஆய்வுக்குப் போகிறது, அங்கே ஹெட்லைட்டும் சோதனைக்கு உட்பட்டது. மாட்டியவர் அப்போது உங்களோடு வந்து நிற்கமாட்டார்.

ஏற்கெனவே இப்படி ஒன்றை மாட்டியிருந்தால், அடுத்த மழைக்கு முன் ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். அறுத்திருந்தால் ரப்பரோடு பல்பையும் மாற்றுங்கள். பழைய ஹேலஜன் பல்பு இருந்தால் தூக்கி எறியாதீர்கள், புதிதாக வாங்கினால் கண்ணாடியில் விரல் படாமல் மாட்டுங்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும்.