காந்தி வீதி சண்டே மார்க்கெட்: முதல் சம்பளக்காரர்களுக்கு என் சிபாரிசு

புதுச்சேரியில் வேலை கிடைத்து, ரூம் தேடி, அட்வான்ஸும் கொடுத்து முடித்ததும் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். வாங்க வேண்டியதோ ஒரு குடித்தனத்துக்கு உண்டானது: பக்கெட், மக், பாய், தலையணை, கொசுவலை, கொடிக்கயிறு, ஆபீஸுக்குப் போட நாலு குர்த்தி, ஒரு ஜோடி நல்ல செருப்பு. எல்லாம் முதல் வாரத்திலேயே வேண்டும், சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். இந்த நிலைமையில் இருக்கிற பிள்ளைகள் யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் சொல்வது காந்தி வீதி சண்டே மார்க்கெட்தான். சுற்றுலா வந்தவர்கள் எடுத்துப் போட்ட வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் கம்மலும் கூலிங் கிளாஸும்தான் வரும். இங்கேயே தங்கி, இங்கேயே சம்பாதித்து, இங்கேயே செலவு செய்கிறவர்களுக்கு அது போதாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். பி.காம் முடித்துவிட்டு இங்கே ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை. கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் 25 கிலோமீட்டர் கூட இருக்காது, பஸ்ஸும் விடாமல் ஓடுகிறது, தினமும் வந்து போகலாமே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நெல்லிக்குப்பத்தில் ஏறி, கடலூரில் பஸ் மாறி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம் என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக நின்று, அரியாங்குப்பம் நெரிசலையும் மரப்பாலம் சிக்னலையும் தாண்டி ஆபீஸுக்குள் நுழையும்போதே பாதி உயிர் போயிருக்கும், சாயங்காலம் அதே பாடு திரும்பவும் இருக்கிறது. அதனால் முத்தியால்பேட்டையில் ஒரு ரூம். கூட இரண்டு பேர், ஒருத்தி விருத்தாசலம், இன்னொருத்தி காரைக்கால். மூன்று பேருக்கும் முதல் வேலை.

சரி, மார்க்கெட்டுக்கு வருகிறேன். அஜந்தா சிக்னல் பக்கத்திலிருந்து தெற்கே நேரு வீதியை நோக்கிக் காந்தி வீதி நெடுக இது நடக்கும். மற்ற நாட்களில் அது சாதாரணக் கடைவீதி. ஞாயிற்றுக்கிழமை நிரந்தரக் கடைகளில் நிறைய ஷட்டரை இறக்கிவிடுகின்றன, அந்த ஷட்டர்களுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து, இரும்புக் கட்டில் போட்டு, குடை நட்டு, இரண்டு பக்கமும் வரிசையாகக் கடை போட்டுவிடுவார்கள். சட்டை, பேன்ட், குர்த்தி, நைட்டி, குழந்தைத் துணி, பெட்ஷீட், செருப்பு, பை, பெல்ட், பிளாஸ்டிக் சாமான், எவர்சில்வர் பாத்திரம், பழைய புத்தகம், போன் கவர் என்று ஒரு வீட்டுக்குள் என்னவெல்லாம் இருக்குமோ அநேகமாக எல்லாம் இருக்கும். "எது எடுத்தாலும் ஐம்பது, எது எடுத்தாலும் ஐம்பது" என்று ஸ்பீக்கரில் பதிவு செய்து ஓட விட்டிருப்பார்கள், பக்கத்துக் கடையில் நூறு, அதற்குப் பக்கத்தில் நூற்றைம்பது, மூன்று குரலும் ஒன்றாகக் கேட்கும்.

துணியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் ஆபீஸ் உடுப்பில் பாதிக்கு மேல் இங்கே வாங்கியதுதான். திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று சொல்லி விற்கும் டீ-ஷர்ட்டுகள், கம்பெனிக் கடைகளில் ஏதோ ஒரு குறை சொல்லிக் கழித்த செகண்ட்ஸ், சாதாரண மொத்த விலைச் சரக்கு, மூன்றும் ஒரே குவியலில் கிடக்கும். பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். முதலில் குர்த்தியை உள்பக்கம் திருப்புங்கள். பக்கத் தையலுக்கு வெளியே ஒரு விரல் அகலத்துக்காவது துணி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், விட்டிருந்தால் இறுக்கமானாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம், ஒட்டியே வெட்டியிருந்தால் இரண்டாவது துவைப்பில் கக்கத்தில் கிழியும். அக்குளுக்குக் கீழே இருக்கும் மூலையை இரண்டு கையாலும் லேசாக இழுங்கள், நூல் இடைவெளி விட்டால் அதை வைத்துவிடுங்கள். பிறகு விரலை நனைத்து உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள், விரலில் நிறம் ஏறினால் அது சாயம் போகும், அடர் நீலமும் மெரூனும்தான் இதில் மோசம். ட்ரயல் ரூம் எல்லாம் கிடையாது. அளவு சரியாக இருக்கும் பழைய குர்த்தி ஒன்றை மடித்துப் பையில் எடுத்துப்போய் அதன்மேல் விரித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. கடைக்காரர்கள் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சிலர் அவர்களே ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார்கள்.

விலை என்று பார்த்தால் அன்றாடம் போடும் பருத்திக் குர்த்தி 200, 250 ரூபாய்க்குள் எனக்குக் கிடைக்கிறது. அதே தெருவிலிருந்து கிழக்கே நடந்து கால்வாயைத் தாண்டினால் ஒயிட் டவுன், அங்கே கண்ணாடி போட்ட கடைகளில் ஒரு குர்த்தியின் விலையில் என் ஒரு மாத மெஸ் பில் கட்டிவிடலாம். அந்தக் கடைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. சனி, ஞாயிறு என்றால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வருகிறவர்களுக்காக இந்த ஊரில் பாதி தன் விலையை மாற்றிக்கொள்கிறது, ஆட்டோவிலிருந்து டிபன் வரை. இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் விடுமுறை அந்த ஞாயிறு ஒன்றுதான். அந்த நாளில் நம் கைக்கு அடக்கமான விலையில், நமக்காகவே என்று ஒரு தெரு முழுக்க விரிந்து கிடப்பது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கூட்டத்தைப் பாருங்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கம்பெனி ஷிப்ட் முடித்த பையன்கள், நர்ஸிங் படிக்கும் பெண்கள், விழுப்புரம், கடலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். பாண்டியில் வேலை பார்க்கிற நிஜமான ஜனம் இதுதான்.

பேரம் பேசத் தெரியாது, கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள். ஒன்பது, பத்து மணிக்குக் கடை போட்டுப் பரப்பிய கையோடு முதல் வியாபாரம் தட்டிப்போகக் கூடாது என்று போணிக்காகவே விலையைக் குறைப்பார்கள். நான் வழக்கமாகத் துணி எடுக்கும் அக்கா விழுப்புரம் பக்கத்திலிருந்து மூட்டையோடு வருகிறவர். "என்ன விலைக்கா?" என்றால் "முந்நூறும்மா" என்பார். "இருநூறு" என்பேன். "கட்டுப்படி ஆகாதும்மா, காலையில வந்துட்ட, இருநூத்தி இருபது குடுத்து போணி பண்ணிட்டுப் போ" என்பார். அவ்வளவுதான் பேரம். அதற்குமேல் இறங்கச் சொல்லி நான் நிற்பதில்லை, பஸ் சார்ஜ், மூட்டைக் கூலி எல்லாம் போக அவருக்கும் ஏதாவது நிற்க வேண்டும் அல்லவா. சொல்லும் விலையில் பாதிக்குக் கேளுங்கள், பிடிவாதமாக நில்லுங்கள் என்று வீடியோக்களில் சொல்வார்கள். ஏற்கெனவே ஐம்பது ரூபாய் என்று போர்டு வைத்திருப்பவரிடம் முப்பதுக்குக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரே இடத்தில் உட்காருகிறவர்களிடம் வாங்குவது நல்லது, இது முக்கியம். ரசீது கிடையாது, ஆனால் அவர் அடுத்த ஞாயிறும் அதே ஷட்டருக்கு முன்னால்தான் இருப்பார் என்றால் அதுதான் உத்தரவாதம். அந்த அக்காவிடம் எடுத்த ஒரு பேன்ட் ஜிப் சரியில்லை என்று மறுவாரம் கொண்டுபோனபோது மறுபேச்சு இல்லாமல் வேறு எடுத்துக்கொள்ளச் சொன்னார். துவைத்துவிட்டுப் போனால் மாற்றித் தர மாட்டார்கள், அது நியாயம்தான்.

பிளாஸ்டிக் சாமானில் பக்கெட்டின் கைப்பிடி மாட்டியிருக்கும் காதைப் பாருங்கள், அங்கேதான் முதலில் விடும். முகர்ந்தால் கருகிய வாடை வந்தால் வேண்டாம். எவர்சில்வர், பாய், பெட்ஷீட், கொசுவலை எல்லாம் தாராளமாக வாங்கலாம். பழைய புத்தகக் கடைகளில் வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. கைடுகள் கிடக்கும். கணக்கு, ரீசனிங் என்றால் பழசு எடுக்கலாம், நடப்பு நிகழ்வு மட்டும் பழசு உதவாது.

வாங்கவே கூடாதது என்று மூன்று சொல்வேன். சார்ஜர், பவர் பேங்க், ஹெல்மெட். சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் நம் நாட்டில் பி.ஐ.எஸ். என்ற மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பில் பதிவு கட்டாயம், பொருளின் மேலேயே ஆர் என்று தொடங்கும் பதிவு எண் அச்சாகி இருக்க வேண்டும். தெருவில் கிடைக்கும் மலிவுச் சரக்கில் பலவற்றில் அது இருக்காது, இருந்தாலும் உண்மையா என்று அங்கே நின்று சரிபார்க்க முடியாது. இரவு முழுக்கத் தலைமாட்டில் சார்ஜ் போட்டுத் தூங்கும் ரூமில் அந்த ஆபத்து வேண்டாம். ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் வேண்டும். 200 ரூபாய் ஹெல்மெட் போலீஸ்காரர் கண்ணுக்கு வேண்டுமானால் போதும், கீழே விழுந்தால் தலைக்குப் போதாது. இந்த மூன்றுக்கும் பில் கொடுக்கும் கடைக்குப் போங்கள், காசு கூடினாலும் பரவாயில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நெரிசல் தாங்காது, நடுவில் நடக்க இருப்பதே கொஞ்சம் வழி, அதிலும் டூவீலர்கள் நுழையும். பெண்களுக்கு அந்த நேரத்து இடிபாடு நிச்சயம் பிடிக்காது, கூட்டத்தைச் சாக்காக வைத்துக் கை போடும் ஜென்மங்கள் எல்லா ஊரிலும் இருப்பது போல இங்கேயும் உண்டு. தனியாகப் போகிற பெண்கள் காலையில் போய்ப் பதினொரு மணிக்குள் திரும்பிவிடுவதே நல்லது, பையை முன்பக்கம் மாட்டுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் போகவே வேண்டாம், நிழலுக்கு ஒதுங்க இடம் இல்லை.

அப்புறம் மழை. பாண்டியில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை, தீபாவளி வியாபாரமும் அதே சமயத்தில்தான் வருகிறது, வருடத்தில் நல்ல சம்பாத்தியம் பார்க்கும் வாரங்களில்தான் வானமும் கொட்டும். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை, மறுநாள் ஞாயிறு ஊரே தண்ணீரில் நின்றது. மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு நாள் போனாலும் சம்பளம் வந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாளை நம்பிக் கடை போடுகிறவருக்கு ஒரு ஞாயிறு போனால் அந்த வாரமே போய்விட்டது. இதை நினைத்துத்தான் பேரத்தில் நான் இறங்கிப்போகிறேன்.

இந்தச் சந்தையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும், போக்குவரத்து நெரிசல் என்பார்கள். நெரிசல் உண்மைதான், நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் காலங்காலமாகக் கூடிவரும் இடத்தை இயல்பான சந்தை என்று தனியாகவே குறிப்பிடுகிறது. எங்கே கடை போடலாம் என்பதற்கான நகரக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே எதைச் செய்தாலும் அந்த அக்கா மாதிரி ஆட்களை உட்கார வைத்துக் கேட்டுவிட்டுச் செய்யட்டும். வண்டிகளை அன்று ஒரு நாள் முழுசாக வேறு வழியில் திருப்பிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் எண்ணம். ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கொண்டுபோய் வைத்தால் வண்டி இல்லாத எங்களைப் போன்றவர்கள் போக மாட்டோம், நாங்கள் போகாவிட்டால் அவர்களுக்கு வியாபாரம் இல்லை.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த ஒன்றைச் சாயங்கால நெரிசலுக்காகக் குறைத்துக்கொள்கிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறவர்கள் முத்தியால்பேட்டை டெம்போ ஏறி அஜந்தா சிக்னலில் இறங்கினால் நேராக மார்க்கெட்டின் வடக்கு முனைக்கு வந்துவிடலாம். அங்கே தொடங்கி நடந்துகொண்டே நேரு வீதி வரை போனால் பெரிய மார்க்கெட் வரும், வாரத்துக்கான காய்கறியையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கையில் துணிப்பை இரண்டு, சில்லறையாக ஐம்பது, நூறு நோட்டுகள் இருக்கட்டும். பெரும்பாலும் எல்லோரிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது, ஆனால் கூட்டத்தில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் குர்த்தி, செருப்பெல்லாம் மெல்ல வாங்கிக்கொள்ளலாம், ரெயின் கோட்டை மட்டும் செப்டம்பருக்குள் வாங்கிவிடுங்கள், மழை பிடித்த பிறகு அதே கோட்டுக்கு விலை ஏறிவிடும்.