இம்ப்ளான்ட்டுக்கு எலும்பு கிராஃப்ட்: சொந்த எலும்பா, மாட்டு எலும்பா, செயற்கையா?

பல் போன இடத்துல இம்ப்ளான்ட், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்குற திருகு வைக்கப் போனா, "எலும்பு பத்தலை, கிராஃப்ட் வச்சு நிரப்பணும்"னு டாக்டர் சொன்ன உடனே எல்லாரும் கேக்குறது எது பெஸ்ட்னுதான். எங்க வைக்கப் போறாங்க, அங்க அது எவ்ளோ நாள் கரையாம நிக்கணும், இத கேக்காம பெஸ்ட் சொல்லவே முடியாது. ஏன்னா பெரும்பாலான கிராஃப்ட் தானா எலும்பா மாறுற சரக்கு கிடையாது, நம்ம உடம்பு புது எலும்பு கட்டி முடிக்கிற வரைக்கும், கட்டட வேலைக்குக் கட்டுற மாதிரி நிக்குற சாரம், அவ்ளோதான்.

சொந்த எலும்புல இருந்து ஆரம்பிப்போம், அதத்தான் இன்னிக்கும் கோல்ட் ஸ்டாண்டர்டுன்னு சொல்றாங்க. உயிருள்ள செல், எலும்பை வளரத் தூண்டுற புரதம், சாரம் மூணும் சேர்ந்து கிடைக்கறது இதுல மட்டும்தான். கடவாய்ப்பல்லுக்குப் பின்னாடி தாடை எலும்பு மேல ஸ்கிரேப்பரை அழுத்தி இழுத்தா சுருள் சுருளா சீவல் வரும், ரத்தத்துல ஊறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வெளிய தெரியுற இம்ப்ளான்ட் மரை மேல அப்படியே அப்பிடலாம். ஆனா ரெண்டாவதா ஒரு புண்ணு, தாவாக்கட்டைல எடுத்தா கீழ் உதடும் முன்பல்லும் மரத்துப் போற ரிஸ்க் வேற. அதவிட பெரிய சிக்கல், இது கரையும், அதுலயும் இடுப்பெலும்புல இருந்து எடுத்தது கணிசமாவே கரைஞ்சு போகும்.

மாட்டு எலும்பு இதுக்கு நேர் எதிர். பயோ-ஆஸ்னு ஒரு பிராண்ட் கேள்விப்பட்டிருப்பீங்க, புரதத்தையெல்லாம் நீக்கிட்டு வெறும் கனிமக் கூட்ட மட்டும் துகளா வச்சிருப்பாங்க. செல்லும் இல்ல தூண்டலும் இல்ல, ஆனா லேசுல கரையாது. வருஷக்கணக்கு கழிச்சு பயாப்ஸி எடுத்தாலும் புது எலும்புக்கு நடுவுல அந்தத் துகள் அப்படியே உக்காந்திருக்கும். இத குறைன்னு சொல்றவங்க உண்டு, எனக்கென்னவோ மேல் முன்பல் பக்கம் இதுதான் பலம்னு தோணுது. பல்லு பிடுங்கின ஒரு வருஷத்துல அந்தப் பல்லு நின்ன எலும்பு மேட்டோட அகலம் கிட்டத்தட்ட பாதி போயிடும், அதுலயும் பெரும்பகுதி முதல் 3 மாசத்துலயே போயிடும், உதட்டுப் பக்க எலும்புச் சுவர் அவ்ளோ மெல்லிசு. அங்க போய் சீக்கிரம் கரையுறத வச்சா என்ன பிரயோஜனம்? ஒரே ஒரு விஷயம், எக்ஸ்ரேல வெள்ளையா தெரியுதேன்னு எலும்பு வந்துருச்சுன்னு சந்தோஷப்படக் கூடாது, அந்தத் துகளே வெள்ளையாதான் தெரியும்.

தானமா வந்த மனுஷ எலும்பு ரெண்டுக்கும் நடுவுல. கனிமத்தோட இருக்குறது ஒரு வகை, கனிமத்தை அமிலத்துல நீக்கினது இன்னொரு வகை. கனிமம் நீக்கின எலும்பு புது எலும்பைத் தூண்டும்னு 1965ல மார்ஷல் யூரிஸ்ட்ங்கற அமெரிக்க எலும்பு டாக்டர் காட்டினார், பேப்பர்ல பாத்தா அதுதான் ஜெயிக்கணும், ஆனா தானம் குடுத்தவங்க வயசு, பதப்படுத்துற முறை பொறுத்து அந்த சக்தி பேட்ச்சுக்கு பேட்ச் மாறும், உருவமும் சரியா பிடிக்காது. நாலு பக்கமும் சுவர் இருக்குற பல் குழிக்கு ரெண்டுமே ஓகே, அங்க அனேகமா எத வச்சாலும் ஆறும்.

செயற்கைல ரெண்டு கால்சியம் பாஸ்பேட் வகை இருக்கு, பீட்டா டிசிபி சீக்கிரம் கரையும், ஹைட்ராக்ஸிஅபடைட் கரையவே கரையாதுன்னு சொல்லலாம், அதனால ரெண்டையும் கலந்து 60:40னு விக்கிறாங்க. மிருக எலும்பு வேணாம்ங்கறவங்களுக்கு நல்ல வழி, ஆனா கிராஃப்ட் மேல மூடுற கொலாஜன் மெம்ப்ரேன், அதாவது மெல்லிசான புரத விரிப்பு, பெரும்பாலும் பன்னி இல்லன்னா மாட்டுல இருந்துதான் வருது, இத யாரும் தானா சொல்றதில்ல, நீங்கதான் கேக்கணும்.

பிஆர்எஃப், அதாவது நம்ம ரத்தத்தையே மெஷின்ல சுழட்டி எடுக்குற ஃபைப்ரின் ஜெல், ஈறு ஆறுறதுக்கு அருமை, துகளை ஒட்ட வைக்கவும் உதவும், ஆனா தனியா அகலத்தைத் தாங்காது. பிஎம்பி-2, அதாவது எலும்பை வளரத் தூண்டுற புரதம், இத சைனஸ் லிஃப்ட்டுக்கும் (மேல் தாடைல சைனஸ் அடித்தளத்தை உயர்த்தி எலும்பு வைக்கிறது) பல் குழிக்கும் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007ல அனுமதி குடுத்துச்சு, வேலை செய்யும், ஆனா முகம் நல்லா வீங்கும், விலையும் ஜாஸ்தி, சின்ன கேஸுக்கு எதுக்கு அது?

ஒரு பக்கம் மட்டும் எலும்புச் சுவர் போயிருந்தா நான் சொல்றது சாண்ட்விச் முறை: இம்ப்ளான்ட்ட ஒட்டி சொந்த சீவல், அதுக்கு வெளிய மாட்டுத் துகள், மேல மெம்ப்ரேன். உள்ள வேகம், வெளிய காவல். ஆனா துகள் ஆடிச்சுன்னா எலும்புக்குப் பதிலா நார்தான் வளரும், தையல் பிரிஞ்சு மெம்ப்ரேன் வெளிய தெரிஞ்சாலும் கிருமி ஏறி வச்சது பாதி வீணாப் போகும், சிகரெட்டும் கட்டுப்படாத சுகரும் இருக்குறவங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட. அதே மாதிரி பல்லு எடுத்த அன்னிக்கே இம்ப்ளான்ட் வச்சு, சுவர் முழுசா இருந்து, இம்ப்ளான்ட்டுக்கும் சுவருக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா ரத்தக்கட்டியே அத எலும்பா நிரப்பிடும், அந்த கேஸ்ல கிராஃப்ட் எழுதிக் குடுத்தா எதுக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க. முன்பல்லா இருந்து, எலும்பு உள்வாங்காம இருக்கத்தான்னு பதில் வந்தா அது நியாயம்.