பிறக்கப்போகும் குழந்தைக்கு டயப்பர்: எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது

முதல் குழந்தையை எதிர்பார்க்கும் வீடுகளில் டயப்பர் பற்றிய பேச்சு பெரும்பாலும் வளைகாப்பு முடிந்த கையோடு தொடங்குகிறது. இணையக் கடைகளில் நூற்றுக்கணக்கில் அடுக்கிய பெரிய பெட்டிகள் தள்ளுபடி விலையில் கண்ணில் படுவதும் அப்போதுதான். என் மனைவிக்குக் கும்பகோணத்தில் தாய்வீட்டுப் பிரசவம் என்று முடிவானபோது, சென்னையில் இருந்தபடியே தேவையானவற்றை வாங்கி அனுப்பும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அப்போது வாங்கியவை, பிறகு வாங்கியவை, உறவினர் கொடுத்தவை என்று பல வகைகளைப் பயன்படுத்திப் பார்த்ததன் அடிப்படையில் இதை எழுதுகிறேன். குழந்தை பிறப்பதற்கு முன் வாங்கி வைக்க வேண்டிய டயப்பர் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு, துணி நாம் நினைப்பதைவிட அதிகம், மற்றதையெல்லாம் குழந்தையை எடை போட்டுப் பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பதே என் முடிவு.

டயப்பர் பொட்டலத்தில் பார்க்க வேண்டியது எடை. வயதை வைத்து வாங்குவதில் பொருளில்லை. இந்தியாவில் விற்கும் பெரும்பாலான நிறுவனங்களின் அளவுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன: நியூபார்ன் 5 கிலோ வரை, ஸ்மால் 4 முதல் 8 கிலோ வரை, மீடியம் 7 முதல் 12 கிலோ வரை. நம் நாட்டில் நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றரை கிலோவுக்குள் இருக்கும். முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைந்து, ஏறத்தாழ இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன்பின் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை கூடுவது வழக்கம். இந்தக் கணக்கின்படி, மூன்றரை கிலோவுடன் பிறந்த குழந்தை ஒரு மாதத்திலேயே 4 கிலோவைத் தொட்டுவிடும். இரண்டரை கிலோவுடன் பிறந்த குழந்தைக்கோ அதற்கு இரண்டு மாதத்திற்கு மேல் ஆகும். ஸ்கேனில் சொல்லும் எடை உண்மையான எடையிலிருந்து பத்து, பதினைந்து விழுக்காடு கூடவோ குறையவோ வாய்ப்பு உண்டு என்பதால், பிரசவத்திற்கு முன்பே பெட்டிக் கணக்கில் நியூபார்ன் அளவை வாங்குவதற்கு எந்த ஆதாரமும் நம் கையில் இல்லை.

‘குழந்தை சீக்கிரம் வளர்ந்துவிடும், ஸ்மாலாகவே வாங்கிக்கொள்ளுங்கள் சார்’ என்று பல கடைகளில் சொன்னார்கள். சட்டைக்கு அது பொருந்தும், டயப்பருக்குப் பொருந்தாது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் மலம் நீர்த்திருக்கும். தொடையைச் சுற்றிச் சிறிது இடைவெளி இருந்தாலும் அது பக்கவாட்டில் கசிந்து, முதுகு வரை ஏறிவிடும். பெரிய அளவை முன்கூட்டியே வாங்குவதால் மிச்சமாவது ஒன்றுமில்லை, துவைக்க வேண்டிய துணிதான் கூடுகிறது.

அடுத்த கேள்வி, ஒட்டும் பட்டை உள்ள டேப் வகையா, ஜட்டிபோல் மாட்டும் பேன்ட் வகையா என்பது. நம் ஊர்க் கடைகளை நிறைத்திருப்பது பேன்ட் வகையே. நின்று நடக்கும் குழந்தைக்கு அது மிகவும் வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறந்த குழந்தைக்கு, குறிப்பாகத் தொப்புள்கொடி காய்ந்து விழும் வரையிலான முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு, டேப் வகையையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். கால்களைத் தூக்கி அடியில் விரித்து இருபுறமும் ஒட்டினால் வேலை முடிந்தது; முன்பகுதியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிட்டால் கொடியில் ஈரமும் உராய்வும் படாது. அறுவைசிகிச்சை முடிந்து படுத்திருக்கும் தாயால் குனிந்து நிமிர்ந்து பேன்டை ஏற்றி இறக்க முடியாது. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் மாற்றுவதற்கும் டேப் வகையே எளிது. இடுப்புப் பட்டையின் இறுக்கத்தை நாமே கூட்டிக் குறைக்க முடிவதால், எடை விரைவாக மாறும் அந்த வாரங்களில் அது குழந்தையோடு சேர்ந்து வளர்கிறது.

நிறுவனங்களைப் பொறுத்தவரை, நான் முதலில் வாங்கியது பாம்பர்ஸ் ஆக்டிவ் பேபி என்ற டேப் வகையின் நியூபார்ன் அளவு. இன்னொரு முறை நேர்ந்தாலும் அதைத்தான் வாங்குவேன். பட்டை பலமுறை பிரித்து ஒட்டினாலும் பிடித்துக்கொண்டது, தொடைப்பகுதியின் மடிப்பு மென்மையாக இருந்தது. அதே நிறுவனத்தின் பிரீமியம் கேர் பேன்ட் மிக மிருதுவானது. ஈரமானால் நிறம் மாறும் கோடு இருப்பதால் இரவில் விளக்கொளியில் ஒரு பார்வையிலேயே மாற்ற வேண்டுமா என்று தெரிந்துவிடும். விலை கூடுதல் என்பதால் அன்றாடப் பயன்பாட்டுக்கு அதைச் சொல்ல மாட்டேன். மாமிபோக்கோ பேன்ட் ஜப்பானிய நிறுவனமான யூனிசார்மின் தயாரிப்பு. கும்பகோணத்தில் நாங்கள் கேட்ட மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைத்தது, விலையும் கைக்கு அடக்கமாக இருந்தது. மூன்று மாதத்திற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரவுக்கு நிலைத்தது அதுதான். ஹக்கீஸ் நேச்சர் கேர் இயற்கைப் பருத்தியை முன்னிறுத்தி விற்கப்படுகிறது. தோலில் படும் பகுதி இதமாகவே இருந்தது. ஆனால் பருத்தி என்ற சொல்லைப் பார்த்து அதைத் துணிக்கு ஈடாக எண்ணிவிடக் கூடாது, சிறுநீரை உறிஞ்சித் தாங்கும் வேலையை அங்கும் செய்வது உள்ளே இருக்கும் வேதிப்பொருளே. பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு பேன்ட் வகை எங்கள் குழந்தையின் இடுப்பில் சிவந்த தடத்தை விட்டது, அதை அத்துடன் நிறுத்திவிட்டோம். ஒரு குழந்தைக்கு ஒத்துக்கொள்வது மற்றொன்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதும் முன்கூட்டியே மொத்தமாக வாங்காமல் இருப்பதற்கு ஒரு காரணம்.

அந்த வேதிப்பொருளைப் பற்றி ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற அந்தத் துகள்கள் நீரை இழுத்துக் கூழாகிவிடும். பிழிந்தாலும் நீரை எளிதில் விடாது. தூய நீரைத் தன் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேல் உறிஞ்சும் அதன் திறன், சிறுநீரில் உள்ள உப்பினால் பெரிதும் குறைந்துவிடும். ஆகவே விளம்பரங்களில் நீல நீரை ஊற்றிக் காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும் அது சிறுநீருக்கு மட்டுமே பொருந்தும். மலம் கழித்த டயப்பரை உடனே மாற்றியாக வேண்டும். இல்லையெனில் தோல் புண்ணாகும்.

இந்த உறிஞ்சும் திறனே முதல் வாரத்தில் ஒரு குறையும் ஆகிறது. குழந்தைக்குத் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறதா என்பதை மருத்துவர்கள் அறியும் வழிகளில் ஒன்று சிறுநீர் கழிக்கும் எண்ணிக்கை. முதல் நாளில் ஒருமுறை, இரண்டாம் நாளில் இரண்டுமுறை என்று தொடங்கி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறையாவது கழிக்க வேண்டும். அந்தச் சிறு துளிகளை டயப்பர் உடனே விழுங்கி உலர்ந்ததுபோல் காட்டும்; துணியிலோ ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியும். பால் சுரப்பைப் பற்றிய கவலை தாயை வாட்டும் அந்த நாட்களில், ‘காலையிலிருந்து ஐந்து துணி நனைந்திருக்கிறது’ என்று பாட்டி சொல்லும் கணக்கு எந்தக் கருவியையும்விட ஆறுதல் தரும் என்பதை நான் நேரில் கண்டேன்.

எனவே சேகரிப்பின் பெரும்பகுதி துணியாக இருக்க வேண்டும் என்கிறேன். குழந்தை பிறக்கும் முன் புதுத்துணி வாங்கி வைக்கக் கூடாது என்ற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. என் மாமியார் வீட்டிலும் அதுவே முறை. பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டியைப் போல் மென்மையாகவும் ஈரத்தை விரைவாக இழுப்பதாகவும் எந்தப் புதுத்துணியும் இருப்பதில்லை. புதுத்துணியில் உள்ள கஞ்சி போக நான்கைந்து முறையாவது அலச வேண்டும். ஓர் எட்டு முழ வேட்டியைச் சுமார் 60 சென்டிமீட்டர் சதுரங்களாகக் கிழித்தால் பன்னிரண்டு துண்டுகள் தேறும். மூன்று வேட்டிகள் இருந்தால் பகலுக்குத் தட்டுப்பாடு வராது. கடையில் விற்கும் நாடா வைத்த முக்கோண நாப்பிகளையும் ஒரு டஜன் வாங்கினோம். அவசரத்திற்கு நன்றாக உதவின, ஆனால் ஒற்றை மடிப்பாக இருப்பதால் ஒருமுறைக்கு மேல் தாங்கவில்லை. இவற்றோடு ஒரு ரப்பர் ஷீட்டும் இரண்டு ட்ரை ஷீட்டும் அவசியம். தூளியில் படுக்க வைக்கும்போது அடியில் மடித்துப் போட்டால் தரை வரை சொட்டாது.

துணியின் எண்ணிக்கையை முடிவு செய்யும்போது பிரசவத் தேதி எந்த மாதத்தில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பிறக்கும் குழந்தைக்குத் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். வெயில் நாளில் டயப்பர் கட்டினால் வியர்க்குருவும் சேர்ந்துகொள்ளும் என்பதால் துணியே போதுமானது. ஐப்பசி, கார்த்திகையில் பிறக்கும் குழந்தையின் நிலை முற்றிலும் வேறு. வடகிழக்குப் பருவமழை அடைத்துப் பெய்யும் வாரங்களில் துணி இரண்டு நாளானாலும் ஈரவாடையோடு கொடியில் தொங்கும். அக்காலத்திற்கு இருமடங்கு துணியும் கூடுதலாக ஒரு பொட்டலம் டயப்பரும் வைத்துக்கொள்வது அறிவுடைமை. மலத்தை முதலில் தண்ணீரில் அலசிவிட்டு, மிதமான சோப்பில் துவைத்து, வெயிலில் காய வைக்க வேண்டும். துணிக்கு மணமும் மென்மையும் தருவதற்காக விற்கும் திரவங்களைச் சேர்த்தால் உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும்.

இதையெல்லாம் யார் துவைக்கிறார்கள் என்பதையும் நேர்மையாக யோசிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது தாயின் தாய். பகல் முழுதும் மகளுக்குப் பத்தியச் சமையல், குழந்தைக்குக் குளியல் என்று ஓயாமல் இருப்பவரை, நள்ளிரவில் நான்கு முறை எழுப்பித் துணி மாற்ற வைப்பதைவிட இரவுக்கு ஒரு டயப்பர் கட்டுவது எவ்வளவோ மேல். இரவு, பயணம், ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிக்கு மருத்துவமனைக்குச் செல்லும் நாள் ஆகியவற்றுக்கு டயப்பரும், பகலுக்குத் துணியும் என்பதே எங்களுக்குச் சரியாக அமைந்தது. மருத்துவமனையில் தங்கும் முதல் நாட்களுக்கும் டயப்பரே ஏற்றது, கறுத்துப் பிசுபிசுப்பாக வரும் முதல் மலத்தின் கறை துணியை விட்டு எளிதில் போவதில்லை.

பட்டன் வைத்து அளவைக் கூட்டிக் குறைக்கும் புதுவகைத் துணி டயப்பர்களும் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. சூப்பர்பாட்டம்ஸ் நிறுவனத்தின் ஃப்ரீசைஸ் யூனோ நன்றாகத் தைக்கப்பட்டது, நெடுநாள் உழைக்கும். ஆனால் அது 5 முதல் 17 கிலோ வரையிலான குழந்தைகளுக்கானது. பிறந்த குழந்தைக்கு அது மிகப் பெரிது என்பதால், பிரசவத்திற்கு முன் வாங்கும் பட்டியலில் அதற்கு இடமில்லை. அன்பளிப்பாக என்ன வேண்டும் என்று கேட்பவர்களிடம் அதைச் சொல்லி வைக்கலாம்.

பயன்படுத்திய டயப்பரை என்ன செய்வது என்பதை வாங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைப் பாதுகாப்பாகச் சுற்றித் தனியே ஒப்படைக்க வேண்டும் என்று வீட்டாருக்கும், மறுசுழற்சிக்கு ஏற்ற பொருட்களைப் பயன்படுத்த வழி தேட வேண்டும், இல்லையேல் சுற்றி எறிய உறை தர வேண்டும் என்று உற்பத்தியாளருக்கும் கடமை வகுத்தன. நான் வாங்கிய பொட்டலங்களில் அத்தகைய உறை பெரும்பாலும் இல்லை; பழைய செய்தித்தாளே உதவியது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, உருட்டிச் சுற்றி, குப்பை வண்டியில் தனியாகக் கொடுக்க வேண்டும். டயப்பரையே கழிப்பறையில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், புதைத்தால் மக்காது, எரித்தால் பிளாஸ்டிக் புகை சூழும். குப்பை வண்டி ஒழுங்காக வராத ஊரில் தாய்வீடு இருந்தால், துணியின் பங்கை இன்னும் கூட்ட வேண்டும்.

வாங்கும்போது பெட்டியின் மொத்த விலையைப் பார்க்காமல், ஒன்றின் விலையைப் பாருங்கள்; பொட்டலத்திலேயே அது அச்சிடப்பட்டிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தை டயப்பருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், பழைய விலை அச்சிட்ட இருப்பை அப்படியே விற்கும் கடைகளில் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்க வேண்டும். சென்னையில் எந்த நேரமும் வீட்டுக்கே வந்துவிடும் பொருள், சிறிய ஊரில் அப்படிக் கிடைப்பதில்லை. நாங்கள் விசாரித்த மருந்துக்கடைகளில் ஸ்மால், மீடியம் பேன்ட் இருந்தன, நியூபார்ன் டேப் வகை இல்லை. ஆகவே 24 டயப்பர் கொண்ட நியூபார்ன் டேப் பொட்டலம் ஒன்றை மருத்துவமனைப் பையிலும், அதே அளவில் இன்னொன்றைத் தாய்வீட்டு அலமாரியிலும் வைத்தால் முதல் இரண்டு வாரங்கள் கடந்துவிடும். இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்காமல் பில்லோடு வைத்திருங்கள். அளவு மாறினால் மாற்றித் தருவீர்களா என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.