ஓடுதளம் இருந்தால் கோலுக்குப் பின்னால் டிக்கெட் வேண்டாம்

கால்பந்து ஸ்டேடியம் என்றதும் முதல் கேள்வி 'எத்தனை பேர் உட்காரலாம்?' என்றுதான் வரும். டிக்கெட் எடுப்பவருக்கு அந்த எண்ணால் பெரிய உபயோகம் இல்லை. வேண்டியவை வேறு இரண்டு: என் வரிசையிலிருந்து ஆடுகளத்தின் கோடு எத்தனை மீட்டர், ஆட்டம் முடிந்ததும் ரயில் ஏற எவ்வளவு நேரம். பேர்பெற்ற பல ஸ்டேடியங்கள் இந்த இரண்டில் ஒன்றிலாவது கோட்டை விட்டிருக்கின்றன.

முதல் வில்லன் ஓடுதளம். தடகளத்துக்கான 400 மீட்டர் ஓடுதளத்தில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். உள்ளே இருக்கும் இடம் ஒரு வளைவின் உச்சியிலிருந்து மறுவளைவின் உச்சி வரை 157 மீட்டர் சொச்சம். அதில் 105 மீட்டருக்கு 68 மீட்டர் கால்பந்து ஆடுகளத்தைப் போட்டால் ஒவ்வொரு கோல் கோட்டுக்குப் பின்னாலும் 26 மீட்டர் சும்மா கிடக்கும். அதைத் தாண்டி 1.22 மீட்டர் அகலத்தில் எட்டுத் தடங்கள், ஏறக்குறைய 10 மீட்டர். ஆக, கோலுக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் கோல் கோடு 36 மீட்டருக்கு அப்பால். பெனால்டி பாக்ஸின் ஆழமே 16.5 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து எதிர்க்கோல் பக்கம் ஆஃப்சைடா இல்லையா என்று பார்க்க முயல்வது வீண்வேலை. பக்கவாட்டில் கதை வேறு. இருபுறமும் இரண்டரை மீட்டர், அதோடு தடங்கள் 10 மீட்டர், அவ்வளவுதான். ஓடுதளம் உள்ள ஸ்டேடியத்தில் காசு கொஞ்சம் கூடினாலும் பக்கவாட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

இந்த அளவுகளால் ஆட்டக்காரருக்கும் தொல்லை உண்டு. கார்னர் கொடிக்கும் ஓடுதள விளிம்புக்கும் நடுவே கிடைப்பது சுமார் ஒரு மீட்டர். கார்னர் அடிப்பவர் நாலடி பின்வாங்கினால் புல்லை விட்டு, தடத்தின் மேல் விரித்திருக்கும் செயற்கைப் புல்லில் கால் வைப்பார். ஆணி வைத்த பூட்ஸுக்கு இரண்டும் ஒரே பிடி கொடுக்காது. அந்த முதல் இரண்டு அடிகள் குறுகி வருவதைக் கவனித்தால் தெரியும்.

பெர்லின் ஒலிம்பிக் ஸ்டேடியம் 1936-இல் கட்டியது. 2000 முதல் 2004 வரை நடந்த புதுப்பிப்பில் ஆடுகளத்தையே 2.65 மீட்டர் கீழே இறக்கினார்கள். நல்ல யோசனை, பக்கவாட்டு இருக்கைகளுக்குப் பலன் கிடைத்தது. நீல ஓடுதளம் பார்க்க அழகு, கோலுக்குப் பின்னால் இருப்பவருக்கு மட்டும் அந்த அழகே தண்டனை. ரோம் ஒலிம்பிக்கோவில் இன்னும் வேடிக்கை: தொண்டை கிழியப் பாடும் ரசிகர்கள் கூடுவது வளைவுப் பகுதிகளில். அதிகம் கத்துகிறவருக்கு அதிக தூரம்! லண்டனில் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய ஸ்டேடியத்துக்கு 2016-இல் வெஸ்ட் ஹாம் கால்பந்து கிளப் குடிபோனது. கீழடுக்கு இருக்கைகளை ஓடுதளத்தின் மேல் இழுத்துவிட்டாலும் மேலடுக்கு நகராதே. இரண்டுக்கும் நடுவில் வாயைப் பிளந்த இடைவெளி. பாரிஸின் ஸ்டாட் டி பிரான்ஸில் கீழடுக்கு நகர்வது வடிவமைப்பிலேயே இருந்ததால் இவ்வளவு மோசமில்லை.

சரியாகப் பாடம் கற்ற ஊர் இத்தாலியின் டூரின். 1990 உலகக் கோப்பைக்காக ஓடுதளத்தோடு கட்டிய டெல்லே ஆல்ப்பி ஸ்டேடியத்தில் ஆட்டம் எங்கோ நடப்பதுபோல இருக்கும், இருக்கைகள் காலியாகக் கிடக்கும். அங்கே ஆடும் யுவென்டஸ் கிளப் அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 2011-இல் சுமார் 41,000 பேருக்கான ஸ்டேடியத்தைத் திறந்தது. முதல் வரிசை ஆடுகளத்திலிருந்து 7.5 மீட்டர். இடத்தைக் குறைத்து ஆட்டத்தைக் கிட்டே கொண்டுவந்ததில் இதைவிட நல்ல உதாரணம் ஐரோப்பாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

கிட்டே இருப்பது மட்டும் போதாது, படி சரிவும் வேண்டும். ஸ்டேடியம் கட்டுபவர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள்: முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் நம் பார்வை போகிறது என்று. 12 என்றால் நிம்மதி, 9 என்றால் பரவாயில்லை, 6 என்றால் கழுத்தை நீட்டிக்கொண்டே 90 நிமிடம். முன்னால் இருப்பவர் தொப்பி போட்டிருந்தால் தீர்ந்தது. ஜெர்மனியின் டார்ட்மண்ட் ஸ்டேடியத்தின் தெற்கு ஸ்டாண்டில் கிட்டத்தட்ட 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்க முடிவதன் ரகசியம் இந்தச் சரிவுதான். உச்சியில் 37 டிகிரி. வயதானவரையோ சின்னப் பிள்ளைகளையோ அந்த உச்சிக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

முதல் வரிசை என்றால் ராஜ இருக்கை என்று நினைப்பதும் தப்பு. ஆடுகள ஓரத்தில் ஒளிரும் விளம்பரப் பலகை சுமார் 90 சென்டிமீட்டர் உயரம். தாழ்வாகக் கட்டிய ஸ்டாண்டில் பக்கத்துக் கோட்டில் ஓடும் விங்கரின் கால் தெரியாது, தலைதான் தெரியும். மழையில் முதலில் நனைவதும் அந்த வரிசைகளே, மேலே கூரை இருந்தாலும் சாரல் விடாது. பத்திலிருந்து இருபதாவது வரிசைக்குள், பாதிக்கோட்டுக்கும் பெனால்டி பாக்ஸுக்கும் நடுவே: என் ஓட்டு அதற்குத்தான். ஆடுகளங்களைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகப் போடுவார்கள். மாலை ஆட்டத்தில் கிழக்கு ஸ்டாண்டில் உட்கார்ந்தால் இறங்கும் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். மேற்கே எடுங்கள்.

ஸ்டாண்டும் கூரையும் உயர உயரப் புல்லுக்கு வெயில் குறையும், காற்று குறையும். மிலன் நகரின் சான் சீரோ ஸ்டேடியத்துக்கு 1990 உலகக் கோப்பைக்காக மூன்றாம் அடுக்கும் கூரையும் ஏற்றிய பிறகு புல் தேறவே இல்லை. கடைசியில் 2012-இல் செயற்கை இழை கலந்த புல்லுக்கு மாறினார்கள். அதே மூன்றாம் அடுக்கு பார்வைக்கு அருமை. கொடுத்து வாங்கிய விலை அது.

ஊரின் உயரத்தையும் விட்டுவிடக் கூடாது. மெக்சிகோ நகரின் அஸ்டெகா ஸ்டேடியம் 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தூரத்திலிருந்து அடிக்கும் பந்து கோல்கீப்பரின் கணக்குக்கு முன்பே வந்து சேரும். பொலிவியாவின் லா பாஸ் 3,600 மீட்டருக்கு மேல். 2,500 மீட்டருக்கு மேலே சர்வதேச ஆட்டம் கூடாதென்று 2007-இல் ஃபிஃபா தடை போட்டு, மறுவருஷமே பின்வாங்கியது.

இனி வெளியே வரும் பாடு. ஒரு மெட்ரோ ரயிலில் நெருக்கியடித்து 1,000 பேர், இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்தாலும் மணிக்கு 30,000 பேர்தான். 80,000 பேரும் ஒரே நிலையத்தை நம்பினால் கடைசி ஆள் ஏற இரண்டரை மணி நேரம் தாண்டும். 88,966 இருக்கைகள் கொண்ட, கத்தாரின் லுசைல் ஸ்டேடியத்தில் 2022 உலகக் கோப்பையின்போது கூட்டத்தைத் தடுப்புகளுக்குள் வளைத்து வளைத்து நடக்கவிட்டது இதனால்தான். எரிச்சலாக இருந்தாலும் நடைமேடையில் நெரிசல் சேராமல் காப்பது அந்தச் சுற்று. மியூனிக்கில் ஸ்டேடியத்திலிருந்து ஃப்ரட்மானிங் மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரமே கூட்டத்தைக் கலைத்துவிடும்.

லண்டனின் வெம்பிளி ஸ்டேடியத்துக்கு மூன்று ரயில் நிலையங்கள் உண்டு. கூட்டத்தில் பெரும்பகுதி நேர்ச்சாலை வழியாக வெம்பிளி பார்க் நிலையத்துக்கே பாய்கிறது, அங்கே படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள். மத்திய லண்டனின் மேரிலபோன் ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் வெம்பிளி ஸ்டேடியம் நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். மற்றவர்கள் இருக்கையிலேயே 20 நிமிடம் உட்கார்ந்திருந்து கிளம்பினால் படிக்கட்டில் நிற்கும் நேரம் குறையும்.