பாம்புப் பெட்டியில் மைட்: ஸ்ப்ரேயா, வேட்டை மைட்டா?

இங்கிலாந்தில் ராயல் பைத்தான் என்றும் அமெரிக்காவில் பால் பைத்தான் என்றும் சொல்கிற பாம்புதான் எங்கள் வீட்டில் இருப்பது. பழைய மரப்பெட்டி ஒன்றை வாங்கி அதில் குடிவைத்த மூன்றாவது வாரம், அது தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகள். டார்ச் அடித்துப் பார்த்தேன். பாம்பின் இரத்தத்தைக் குடிக்கும் பொடி உண்ணிகளான மைட்டுகள்தான். கண்ணைச் சுற்றிய விளிம்பில் ஒன்று, தாடைக்கு அடியிலுள்ள பள்ளத்தில் மூன்று, கொழுத்து உட்கார்ந்திருந்தன. செதில்மேல் சாம்பல் தூவினாற்போல வெள்ளையாக இருந்தது அவற்றின் எச்சம்.

முதலில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து ஸ்ப்ரே அடித்தேன். பிறகு, இந்த மைட்டுகளைப் பிடித்துத் தின்னும் வேட்டை மைட்டுக்கு மாறினேன். இன்று கேட்டால் வேட்டை மைட் பக்கம்தான் நிற்பேன்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் உடம்பில் இருப்பவை கொஞ்சம் மூழ்கிச் சாகும். ஆனால் பாம்பு தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, மிச்சமெல்லாம் அங்கே ஏறிவிடும். ஆலிவ் எண்ணெயும் உடம்போடு சரி, பெட்டிக்கு உதவாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து வேலை செய்யும், ஆனால் பூனைக்கு விஷம். எங்கள் வீட்டில் பூனை இருப்பதால் அதை யோசிக்கவே இல்லை. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை ஆமை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், ஆமையைக் கொன்றுவிடும்.

ஃபிப்ரோனில் நம் ஊர் வயல்களில் குருத்துப்பூச்சிக்கு அடிக்கிற அதே மருந்துதான். நாய், பூனை உண்ணிக்கும் விற்கிறார்கள். பாம்புக்கென்று வந்த மருந்து அல்ல, அதனால் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. துணியில் அடித்து, கண்ணும் வாயும் தவிர உடம்பைத் துடைக்க வேண்டும். பெட்டிக்குள் அடித்தால் முழுக்கக் காய்ந்து, வாடை போன பிறகே பாம்பை உள்ளே விடலாம். வேகத்தில் இதற்கு ஈடில்லை. மறுநாள் காலையில் வெள்ளைக் காகித விரிப்பு முழுக்கச் செத்த மைட்டுகள். நிம்மதியாக இருந்தது.

பத்து நாளில் திரும்ப வந்துவிட்டன.

காரணம் முட்டை. பாம்பு மைட் முட்டையைப் பாம்பின் மேல் இடுவதில்லை. இறங்கிப்போய் ஈரமும் இருட்டும் உள்ள இடுக்கில் இடுகிறது. ஒரு பெண் மைட் தன் ஆயுளில் அறுபது, எண்பது முட்டை வரை இடும். பெட்டியின் சூட்டில், அதாவது 25 முதல் 30 டிகிரியில், முட்டை பொரிந்து வளர்ந்து அடுத்த முட்டை இடுவதற்கு 13 முதல் 19 நாள் போதும். ஸ்ப்ரே முட்டையை ஒன்றும் செய்யவில்லை. எங்களுடையது மரப்பெட்டி. பலகைகள் சேரும் மூட்டு, கண்ணாடி ஓடும் பள்ளம், திருகுத் துளை என்று எத்தனை இடுக்கு! ஆக, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பதுங்குகுகையை வெந்நீரில் கழுவி, காகிதத்தை மாற்றி, அடித்து, காயவைத்து, ஐந்தாறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பம். இதற்கு நடுவே பாம்பு சட்டை உரிக்கத் தயாராகிக் கண் பால்பூத்து நின்றது. அந்த நிலையில் அதைத் தூக்கித் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் மாறியது அப்போதுதான்.

வேட்டை மைட்டுகள் இரத்தம் குடிப்பதில்லை, பாம்பைக் கடிப்பதில்லை. மற்ற மைட்டுகளையும் சின்னப் பூச்சிப் புழுக்களையும்தான் தின்னும். இரண்டு வகை சுலபமாகக் கிடைக்கின்றன. ஸ்ட்ராடியோலேலாப்ஸ், பசுமைக்குடில்களில் பூஞ்சைக் கொசுவின் புழுவுக்காக மண்ணில் விடப்படுவது. ஈர மண் விரித்த பெட்டிக்கு ஏற்றது. கெய்லீட்டஸ், தானியக் கிடங்குகளில் தானிய மைட்டுகளைத் தின்று வாழ்வது. வறண்ட பெட்டியிலும் தாங்கும். நான் வாங்கியது கெய்லீட்டஸ். குப்பியிலிருந்த தூளை மூலைகளிலும் மூட்டுகளிலும் தூவினேன், அவ்வளவுதான். அடித்த மருந்தின் மிச்சம் இவற்றையும் கொன்றுவிடும் என்பதால் அதற்கு முன் பெட்டியை நன்றாகக் கழுவிச் சில வாரம் காற்றாட விட்டிருந்தேன். அதுவரை பாம்பு வெறும் காகிதம் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது.

முதல் இரண்டு வாரம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பயமாகத்தான் இருந்தது. நான்காவது வாரம் கிண்ணத்தில் இரண்டே புள்ளிகள். ஆறாவது வாரம் ஒன்றுமில்லை. நம் துணி போகாத மூட்டுக்குள் இவை போய், பொரிந்து வருகிற குஞ்சுக்காக அங்கேயே காத்திருக்கின்றன. அந்த ஆறு வாரமும் என் வேலை தண்ணீர் மாற்றுவதும் டார்ச் அடிப்பதும் மட்டும்தான். இரை தீர்ந்ததும் தாமாகவே அழிந்துவிடுகின்றன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அனுபவம் ஒரே பாம்பு, ஒரே பெட்டி. அதுவும் ஸ்ப்ரே ஏற்கெனவே கூட்டத்தைக் குறைத்திருந்தது. பத்துப் பெட்டி அடுக்கி வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. மூட்டே இல்லாத கண்ணாடித் தொட்டி என்றால் ஸ்ப்ரேயே போதலாம். பாம்பு சோர்ந்து, வாய்க்குள் வெளிறிப்போயிருந்தால் இரத்தம் நிறையப் போயிருக்கிறது என்று பொருள். அப்போது வேட்டை மைட்டை நம்பிக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.