வட்டைக்குள் ஒரு மெஷின், சவக்காலையில் ஒரு சத்தம்

ஸொம்பிப் படம் என்றால் கூட்டம் கூட்டமாகப் பிணங்கள் துரத்தும் என்று நினைத்துக்கொண்டு ‘லெட் ஸ்லீப்பிங் கோர்ப்சஸ் லை’யைப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். இதில் எழும்புகிற சவங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் மட்டக்களப்பின் படுவான்கரையில் மாமா வீட்டில், வெளியே மழை கொட்ட இதைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

1974 இல் ஸ்பெயினும் இத்தாலியும் சேர்ந்து எடுத்த படம், இயக்கம் ஹோர்ஹே கிராவ். ஸ்பானியப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘இறந்தவர்களின் உறக்கத்தைக் கெடுக்காதே’ என்று வரும். ஆங்கிலத்தில் ‘த லிவிங் டெட் அட் மன்செஸ்டர் மோர்க்’, ‘லெட் ஸ்லீப்பிங் கோர்ப்சஸ் லை’ என்று இடத்துக்கொரு பெயர் வைத்தார்கள், அதனால்தானோ என்னவோ ஒரு பெயரும் ஆட்களின் நினைவில் நிற்கவில்லை. இத்தனைக்கும் கதை மன்செஸ்டரை விட்டுச் சீக்கிரமே நாட்டுப்புறத்துக்குப் போய்விடுகிறது.

பெற்றோல் செட்டில் எட்னா என்ற பெண் தன் மினி காரைப் பின்னுக்கு எடுக்கும்போது ஜோர்ஜ் என்ற இளைஞனின் மோட்டார் சைக்கிளை இடித்துவிடுகிறாள், வேறு வழியில்லாமல் அவன் அவளுடைய காரிலேயே ஏறிப் போகிறான். வழி கேட்கப் போன இடத்தில் வயலுக்குள் ஒரு மெஷின் நிற்கிறது. மருந்து அடிக்கத் தேவையில்லையாம், காதுக்குக் கேட்காத அல்ட்ராசொனிக் கதிர்வீச்சு பூச்சிகளின் நரம்பைக் குழப்பி ஒன்றையொன்று கொல்ல வைக்குமாம், மனிதருக்கு ஒன்றும் செய்யாதாம். அந்தக் கடைசி ‘ஆம்’ இருக்கிறதே, வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போய்வருகிறவர்களுக்கு அதிலேயே குளிர் எடுக்கும். செத்தவர்களை எழுப்புவதே அந்த மெஷின்தான். நெல்லை அழிக்கும் அறக்கொட்டியான் பூச்சி விழுந்த வருடம் மருந்துப் போத்தலில் எழுதியிருந்ததை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்ன அதே மாமா, பாதியில் வந்து பக்கத்தில் இருந்தவர், பிணம் எழும்பியபோது சிரித்தார், மெஷினைக் கண்டதும் “மருமகன், இது என்ன விலை வருமாம்?” என்று கேட்டார்.

பயம் இருட்டிலிருந்து வரவில்லை, பச்சை மலையும் பகல் வெளிச்சமுமாக இருக்கிற இடத்திலிருந்து வருகிறது. கதைக்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் என்றாலும் நாட்டுப்புற வெளிக்காட்சிகளில் பெரும்பகுதியை அதே நாட்டின் டெர்பிஷயர் பக்கம்தான் படமாக்கியிருக்கிறார்கள். ஜூலியானோ சோர்ஜினியின் இசை எங்கே முடிகிறது, சவத்தின் மூச்சு எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது, ஹெட்போன் போட்டுப் பாருங்கள். ஆற்றில் மூழ்கிச் செத்த ஆள் ஈர உடுப்போடு, அவசரமே இல்லாமல் நடந்து வருவான். ஓடி வந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

இன்ஸ்பெக்டராக வருவது ஆர்தர் கென்னடி, ஐந்து தடவை ஒஸ்கார் பரிந்துரை பெற்ற மனுசன். நீள முடி வைத்த பையனைக் கண்டாலே குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுவார், ஆதாரமெல்லாம் பிறகுதான். சோதனைச்சாவடி பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குறை இல்லாமலில்லை. டப்பிங் பல இடத்தில் உதட்டோடு ஒட்டவில்லை. எட்னாவாக வரும் கிறிஸ்டினா கல்போவுக்குக் கத்துவதைத் தவிரப் பெரிய வேலை கொடுக்கவில்லை, போதைக்கு அடிமையான சகோதரியின் கதையையும் அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். ஒரு சவத்தால் இன்னொன்றை எழுப்ப முடிகிற விதத்துக்கும் மெஷினுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் கிடையாது. சரி, பேய்க்கதையில் கணக்குப் பார்க்கக்கூடாது.

பிரிட்டனில் வந்த பழைய பிரதிகளில் வெட்டு விழுந்திருக்கிறது, வெட்டாததைத் தேடி எடுங்கள். சாப்பிட்டுக்கொண்டு மட்டும் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரிக் காட்சி வந்தபோது மீன்குழம்பும் சோறுமாக இருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன். மாமா தன்னுடையதை முடித்துவிட்டுத்தான் எழும்பினார்.