வகுப்பறையா, கிராமமா, எம்.பி. அலுவலகமா: எந்த ஃபெல்லோஷிப் எங்கே கொண்டுபோய் விடும்?

படிப்பை முடித்த கையோடு சமூகத் துறைக்குள் நுழைய நினைப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது, "இரண்டு வருட அனுபவம் அவசியம்" என்ற வரியில்தான். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்! இந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான், குறிப்பிட்ட காலத்துக்குப் பணமும் கொடுத்து வேலை பழகவைக்கும் ஃபெல்லோஷிப்புகள்; அதில் சேர்பவர் ஃபெல்லோ. ஆனால் அவற்றின் அறிமுகக் கையேடுகளை வரிசையாக வாசித்தால் எல்லாவற்றிலும் ஒரே பல்லவி: தலைமைப் பண்பு, மாற்றம், தாக்கம். அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. நான் பார்க்கச் சொல்வது வேறு. திங்கட்கிழமை காலையில் உங்களை எங்கே உட்கார வைக்கிறார்கள், யாருக்குக் கீழே? அடுத்த பத்து வருடம் எந்தப் பக்கம் போகும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்ததுதான்.

அதிகம் பேருக்குத் தெரிந்தது, பட்டதாரிகளைப் பின்தங்கிய பிள்ளைகளின் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாக அனுப்பும் வகுப்பறை வகை. வெண்டி காப் என்ற மாணவி 1989-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை ஆய்வேடாக எழுதிய யோசனை, 1990-ல் சுமார் 500 இளம் ஆசிரியர்களுடன் டீச் ஃபார் அமெரிக்காவாக நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 2002-ல் டீச் ஃபர்ஸ்ட் வந்தது. டீச் ஃபார் இந்தியாவின் முதல் அணி 2009-ல் வகுப்பறைக்குள் போனது. இப்படிப் பல நாடுகளில் முளைத்தவற்றை இணைக்க 2007-லேயே டீச் ஃபார் ஆல் என்ற பொதுக் குடை உருவாகிவிட்டது. ஏற்பாடு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: சில வாரப் பயிற்சி, பிறகு இரண்டு வருடம் முழுநேர ஆசிரியர் வேலை.

இதன் பலம், முதல் நாளே பொறுப்பு உங்கள் தலையில் விழுவது. ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று உங்களுக்குப் பதிலாக யாரும் யோசிக்கப் போவதில்லை. பழைய மாணவர் வலையமைப்பும் பெரிது. அமெரிக்காவில் 1994-ல் கிப் என்ற பள்ளிக் குழுமத்தைத் தொடங்கிய இருவரும் டீச் ஃபார் அமெரிக்காவில் இருந்து வந்தவர்கள்தான். ஆனால் அரைகுறைப் பயிற்சியோடு வந்து, வேலை பிடிபடும் நேரத்தில் கிளம்பிவிடும் ஆசிரியரால் பிள்ளைகளுக்கு என்ன லாபம் என்ற கேள்வியும் கூடவே ஒலிக்கிறது. அது நியாயமான கேள்வி. ஃபெல்லோவின் பக்கமிருந்து பார்த்தால் குறை வேறு: ஒரு அமைப்பு எப்படி நடக்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, பட்ஜெட்டை யார் வெட்டுகிறார்கள் என்பதெல்லாம் வகுப்பறைக்குள் தெரியாது. அந்த வலையமைப்பு உங்களைக் கல்வித் துறைக்குள்தான் இழுக்கும். உங்கள் அக்கறை நிலம், நீர், தொழிலாளர் உரிமை என்றால், இரண்டு வருடம் சுற்றுவழியில் போய்விடும்.

இதற்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டியது, 2008-ல் தொடங்கிய காந்தி ஃபெல்லோஷிப். அதுவும் இரண்டு வருடம், பள்ளிக்கல்வியில்தான் தொடங்கியது. ஆனால் ஃபெல்லோ பாடம் எடுப்பதில்லை; அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுடன் சேர்ந்து வேலை செய்வார். உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. தன் வயதைவிட அதிக வருட சர்வீஸ் உள்ள ஒருவரிடம், "சார், காலை வழிபாட்டு நேரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டு, மறுப்பை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் மறுபடி போய் நிற்க வேண்டும். இதில் சாகசம் எதுவும் இல்லை. ஆனால் சமூக அமைப்புகளின் வேலையில் முக்கால்வாசி இதுதான்: அதிகாரமில்லாமல் காரியம் சாதிப்பது. இந்த ஒரு காரணத்துக்காகவே, வகுப்பறை வகையைவிட இதை நான் ஒரு படி மேலே வைப்பேன்.

அடுத்தது, ஏற்கெனவே இயங்கும் அமைப்பொன்றுக்குள் உங்களைச் சேர்த்துவிடும் வகை. 2011-ல் தொடங்கிய எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா, 13 மாதங்களுக்கு கிராமப்புறத் தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அமெரிக்காவில் பப்ளிக் அலைஸ் பத்து மாதம் தொழில் பழகுநர் போல உள்ளூர் அமைப்புகளில் அமர்த்துகிறது; 1993-ல் அதன் சிகாகோ கிளையின் முதல் இயக்குநராக இருந்தவர் மிஷேல் ஒபாமா. சமூகத் துறையிலேயே காலம் தள்ளப் போகிறேன் என்பவருக்கு என் முதல் தேர்வு இந்த வகைதான். நன்கொடையாளருக்குப் போகும் அறிக்கையில் என்ன எழுதப்படுகிறது, களத்தில் என்ன நடக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை உள்ளே இருப்பவர்தான் பார்க்க முடியும். அடுத்த வேலைக்கு அழைப்பதும் பெரும்பாலும் அங்கே பழகியவர்கள்தான்.

இதில் காலம் ஒரு பொறி. 13 மாதம் என்று பேர். ஊர் பழகி, பேச்சு வழக்கு புரிந்து, ஆட்கள் நம்பிப் பேசத் தொடங்கவே முதல் மூன்று மாதம் போய்விடும். கடைசி இரண்டு மாதம் அறிக்கைக்கு. மிச்சமிருக்கும் எட்டு மாதத்தில் "என் ப்ராஜெக்ட்" என்று ஒன்றைக் காட்டியாக வேண்டிய நெருக்கடி. விளைவு? மகளிர் குழுவின் கணக்கை மொபைல் ஆப்பில் ஏற்றிக் கொடுத்துவிட்டு ஃபெல்லோ ஊர் திரும்புவார். மூன்றாம் மாதம் கடவுச்சொல் தெரிந்த ஆள் இருக்காது. குழு பழைய நோட்டுக்கே போய்விடும். புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்குப் பதில், அமைப்பு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையில் ஒரு துண்டை எடுத்துச் செய்பவர்கள் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள். வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்ப அமெரிக்க அரசு 1961-ல் தொடங்கிய பீஸ் கார்ப்ஸ் 27 மாதம் என்று வைத்திருப்பதில், முதல் மூன்று மாதம் மொழிக்கும் பயிற்சிக்கும் போகிறது என்பதையும் இங்கே கவனிக்கலாம்.

மேசை வகை முற்றிலும் வேறு உலகம். நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். அமைப்பு 2010 முதல் நடத்தும் லாம்ப் ஃபெல்லோஷிப்பில், ஒரு ஃபெல்லோ ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆய்வு உதவியாளர். கேள்வி தயாரிப்பது, மசோதாக்களைப் படித்துக் குறிப்பு எழுதுவது, தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) வரைவது. மக்களவையில் ஒரு கேள்வி கேட்கக் குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. "ஏன் எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் இல்லை?" என்ற ஆத்திரத்தை, அமைச்சர் நழுவ முடியாதபடி எந்தத் திட்டம், எந்த ஆண்டு, எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு செலவு என்று (அ), (ஆ), (இ) பிரித்து எழுதப் பழகுவது பெரிய பயிற்சி. எழுத்தும் வேகமும் கூர்மையாகும். கொள்கை ஆய்வு, பிரச்சாரம், சட்ட சீர்திருத்தப் பக்கம் போக இதைவிடக் குறுக்குவழி இல்லை. களம் மட்டும் தெரியாது. அந்தத் தண்ணீர்க் குழாயை ஒருநாளும் பார்க்காமலே அதைப் பற்றி நூறு பக்கம் எழுதும் ஆபத்து உண்டு.

புது யோசனையோடு வருபவருக்குப் பண ஆதரவு தரும் எக்கோயிங் கிரீன், அசோகா போன்றவற்றைக் கல்லூரி முடித்தவுடன் நினைக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. டீச் ஃபார் அமெரிக்காவே தொடக்கத்தில் எக்கோயிங் கிரீன் ஆதரவு பெற்றதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு அமைப்பிலும் வேலை பார்க்காமல் நேராக அமைப்பு தொடங்குகிறவர்களில் அது அபூர்வம்.

பணத்தைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பல ஃபெல்லோஷிப்புகள் தருவது சம்பளமல்ல, வாய்க்கும் கைக்கும் சரியாகப் போகும் அளவுக்கு உதவித்தொகை. கல்விக்கடனோ வீட்டுப் பொறுப்போ உள்ளவருக்கு அது வாசலிலேயே நிற்கும் தடை. சமூகத் துறையின் தலைமை ஏன் வசதியான வீட்டுப் பிள்ளைகளாலேயே நிரம்புகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்கா, பிரிட்டன் வகுப்பறைத் திட்டங்கள் இதில் மேல்: அங்கே ஃபெல்லோ பள்ளியில் ஆசிரியராகவே சம்பளம் வாங்குகிறார். கடன் உள்ளவர் என்றால், நான் மேலே சொன்ன வரிசையை இது ஒன்றே மாற்றிப் போட்டுவிடலாம்.

எதைத் தேர்ந்தாலும் விண்ணப்பிக்கும் முன் மூன்று வருடம் முந்தைய பேட்சில் நாலு பேரைப் பிடித்துப் பேசுங்கள். கையேட்டில் படம் போட்டிருக்கும் நட்சத்திரங்கள் வேண்டாம், பெயர் தெரியாத நாலு பேர் போதும். ஃபெல்லோஷிப் முடிந்த அடுத்த மாதம் அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அந்த வேலைக்கு யார் சொல்லிவிட்டார்கள் என்று கேளுங்கள்.